கட்டிப் பார்த்தேன், அவிழ்கிறது

முதல்முறையாக அவர் எனக்கு எழுதியனுப்பியது மூன்றே சொற்கள். "கட்டிப் பார்த்தேன். அவிழ்கிறது."

என் தொடர்கதையின் இரண்டாவது அத்தியாயம் புரூஃப் ஆகித் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் நீல மையில் அந்த மூன்று சொற்கள். எது அவிழ்கிறது, யார் கட்டினார்கள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் திடுக்கிட்டுப் போனேன்.

காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பாதி நாளுக்குக் கரண்டும் இல்லை என்றிருந்த வருஷம் அது. கியூவில் நிற்கிற சனத்துக்கு வாசிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எங்கள் வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாமே நின்றுபோன கொழும்பில் ஒரு குடும்பம் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்று ஒரு தொடர்கதை. வாரா வாரம் திகிலும் வேண்டும், கூடவே வாசிக்கிறவனுக்குப் பிரயோசனமான தகவலும் வேண்டும். கதையும் கையேடும் ஒரே விலையில். எழுத ஆள் தேடியபோது நான் முந்திக்கொண்டு ஓம் என்றேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மீன் டின் திறக்க எனக்கு இன்றுவரை மனைவி வேண்டும். வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் பொரளைக்குப் போகவேண்டிய நான் தெமட்டகொடையில் இறங்கி நிற்பேன். காஸ் கியூவில் ஒரு நாள் வெறும் சிலிண்டரை வரிசையில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய், திரும்பி வந்து, வேறொருவருடைய வெறும் சிலிண்டரை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தவன். இப்பேர்ப்பட்டவன்தான் ஊருக்கு உயிர்தப்பும் வழி சொல்ல உட்கார்ந்தேன்.

என் கதாநாயகன் ரூபன் எல்லாம் தெரிந்தவன். இரண்டாவது அத்தியாயத்தில் நான்கு சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து, நாலாம் மாடியிலிருந்து இறங்குகிறான். அந்த முடிச்சை நானே கண்டுபிடித்தேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, உள்ளால் ஓர் இழுப்பு. வாசிக்க நன்றாக இருந்தது. அதற்கு மேல் ஒரு முடிச்சிடம் என்ன எதிர்பார்ப்பது?

அவர் எதிர்பார்த்தார். பத்திரிகை அச்சாகிற கொட்டாஞ்சேனை அச்சகத்தில் அவர் புரூஃப் பார்ப்பவர். பெயர் எழுதவில்லை. எழுதினால் இனிஷலில் ஒரு புள்ளி பிழைத்துப்போகும், எங்கிருந்தாலும் ஒரு கடிதம் வரும். அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, கழுத்துப் பொத்தானையும் பூட்டுகிறவர். சட்டைப்பையில் இரண்டு பேனை. சிவப்பு எழுத்துப் பிழைக்கு, நீலம் 'மற்றதுக்கு'. கரண்ட் இல்லாத நாட்களில் ஜன்னலோரம் கதிரையை இழுத்துப்போட்டு, காகிதத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து வாசிப்பார்.

நான் நேரில் போய்க் கேட்டேன். அச்சகத்துப் பெண்களிடம் பழைய சேலைகள் வாங்கி, நான் எழுதியபடியே முடிந்து, மேல்மாடிக் கைப்பிடியில் கழிவுக் கடதாசிக் கட்டொன்றைத் தொங்கவிட்டாராம். அது முதலாளியின் மோட்டார் சைக்கிள்மேல் விழுந்தது. பெற்றோல் இல்லாமல் ஆறு கிழமையாக அசையாமல் நின்ற சைக்கிள் என்பதால் யாரும் பெரிதாகக் கோபிக்கவில்லை.

"கதைதானே அண்ணை," என்றேன். "ஆர் சீலையைக் கட்டி இறங்கப் போகினம்?"

"நான் இறங்கினனானே," என்றார்.

கடதாசிக் கட்டு முதலாவது சோதனை. அடுத்த நாள் இன்னும் இறுக்கமாக முடிந்து அவரே இறங்கியிருக்கிறார். நல்ல காலம், முதலாம் மாடியிலிருந்து. சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். பிளாஸ்டர். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்த இடத்தில் என்ன முடிச்சுப் போடவேண்டும் என்று துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவரிடம் கேட்டு எழுதிவைத்திருந்த துண்டை நீட்டினார்.

இவரோடுதான் அடுத்த ஐந்து கிழமையும் போகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது அத்தியாயத்தில் ரூபன் வெள்ளவத்தைக் கடற்கரையில் உப்புத் தண்ணீரிலிருந்து குடிதண்ணீர் எடுக்கிறான். பேசினில் கடல்நீர், நடுவில் ஒரு கோப்பை, மேலே பொலித்தீன், அதன்மேல் ஒரு சின்னக் கல். மாலைக்குள் குடும்பத்துக்கே போதுமான தண்ணீர். அந்தச் சனிக்கிழமை அண்ணை பேசினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, ரயில் பாதைக்கு அப்பால் பாறைகளுக்கு நடுவே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ரயில்வேக்காரர் ஒருவர் வந்து, "மொகத மே கரன்னே?" என்று அதட்டினாராம். என்ன செய்கிறேன் என்று விளக்க அண்ணைக்குச் சிங்களம் போதவில்லை. "பத்தரே தியனவா," என்றாராம். பேப்பரில் இருக்கிறது. அதைக் கேட்டதும் அந்த மனிதர் மரியாதையாகப் போய்விட்டாராம். புரூஃபின் ஓரத்தில் நீல மை சொன்னது: "பொழுதுபட மூன்று தேக்கரண்டி. உங்கள் கதாநாயகன் செவ்வாய்க்கிழமை இறந்திருப்பான்."

நான் சிரித்தேன். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வேலை மெனக்கெட்டு நாள் முழுக்க வெயிலில் ஒரு வயதான மனிதரை உட்காரவைத்த எனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். நானா உட்காரவைத்தேன் என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை என்பதால் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அவர் கைபட்ட பிறகு கதை உண்மையிலேயே வேலை செய்தது. அரிசியை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பானையைப் போர்வையில் சுற்றி மூடிவைத்தால் தானாக வெந்துவிடும் என்று எங்கோ கேட்டதை எழுதியிருந்தேன். நான்கு நாள் அவித்து, நான்கு நாளும் அந்தச் சோற்றையே தின்று, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று திருத்தித் தந்தார். ஓரத்தில், "சரி. சோறு நல்லது." அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுப் பானைகள் போர்வைக்குள் படுத்திருந்தன. பலசரக்குக் கடையில் என்னைக் காட்டி, இவர்தான் அந்தச் சோற்றுக்காரர் என்றார்கள். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அண்ணையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு இலை வந்தது. பசிக்கு எந்த இலையையெல்லாம் தின்னலாம் என்று ரூபன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். பட்டியலுக்கு ஒன்று குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன், என் பல்கனிச் சாடியில் வெள்ளைப் புள்ளி போட்ட பச்சை இலையோடு ஒரு அழகுச்செடி நின்றது. அதையும் சேர்த்தேன்.

புதன்கிழமை அச்சகத்துக்குப் போனால் அண்ணை கதைக்கவில்லை. கதைக்க முடியவில்லை. உதடு இரண்டும் வீங்கி, நாக்கு வாய்க்குள் அடங்காமல், கண்ணில் நீர் வடிய உட்கார்ந்து அடுத்தவருடைய கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு துண்டில் எழுதி நீட்டினார். "நகமளவுதான் மென்றேன். பட்டியலில் இதை வெட்டியிருக்கிறேன்."

அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அந்த இடத்தில் பயம் வந்திருக்கலாம், வரவில்லை. கோபம் வந்தது. இதென்ன மனிதர், ஒவ்வொரு வரியையும் உடம்பில் போட்டுப் பார்த்தால் நான் எப்படி எழுதுவது? அவர் வாய் திறக்கிற நாள்வரை பொறுத்திருந்து, போய்ச் சண்டை பிடித்தேன். மேலே கற்பனை என்று போட்டிருக்கிறதே, வாசகன் என்ன மடையனா என்று கேட்டேன்.

"பசியில வாசிக்கிற சனம் கதை எண்டு வாசிக்காது, தம்பி," என்றார்.

அப்படி யாரைக் கண்டீர்கள் என்றேன், நக்கலாக.

அவர் புரூஃபை மடித்து வைத்தார். "எங்களுக்கு ஒருக்கா, சண்டை நேரம், ஒரு துண்டுப்பிரசுரம் கிடைச்சது. எங்க போனால் பாதுகாப்பு எண்டு அதில கிடந்தது. நல்ல தமிழ். ஒரு எழுத்துப் பிழை இல்லை." பேனையைச் சட்டைப்பையில் செருகினார். "இடம்தான் பிழை."

யாரோடு போனார், யாரோடு திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

இவ்வளவும் கேட்ட பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அதை நினைக்கையில் இன்றைக்கும் எனக்கு என்னையே நம்பமுடியவில்லை.

ஏழாவது அத்தியாயம் நான் எழுதியதிலேயே அழகானது என்று நினைத்தேன். வெளியே மழை, பசித்த மனிதர்கள் தெருவில் அலைகிறார்கள். சமையல் வாசம் போனால் கதவை உடைப்பார்கள். ரூபன் ஜன்னல்களை எல்லாம் பூட்டுகிறான். பச்சைக் கட்டம் போட்ட, தான் உடுக்கிற சாரத்தை நனைத்துக் கதவுக்குக் கீழே திணிக்கிறான். சிரட்டைக்கரியைச் சட்டியில் மூட்டுகிறான். கரி புகையாது, ஆகவே பயமில்லை என்று மனைவிக்குச் சொல்கிறான். கோழிக்கறி கொதிக்கிறது. சாப்பிட்டுவிட்டு, அந்தச் சிவந்த தணலைச் சுற்றி நால்வரும் சூடாகப் படுத்துத் தூங்குகிறார்கள். தொடரும்.

இது அண்ணை கையில் போனால் தணலும் இருக்காது, தூக்கமும் இருக்காது என்று தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை பக்கம் அமைப்பவருக்கு நேராக ஃபோனில் அனுப்பி, "அண்ணை பாத்திட்டார்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியையும் யாரும் கற்பனை என்று வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு தட்டுப்பட்டது. அண்ணை. கொட்டாஞ்சேனையிலிருந்து பாதி வழி பஸ், பாதி வழி நடை. நனைந்து ஒட்டிய சட்டை, கக்கத்தில் பொலித்தீனில் சுற்றிய பேப்பர்.

"இதை நான் பாத்தனானோ?" என்று கேட்டார்.

அவருக்கே மறதி வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை என்றேன்.

"வெளிக்கிடும்."

ஏன் என்று நடந்துகொண்டேதான் சொன்னார். பூட்டிய அறைக்குள் கரி எரிந்தால் புகை வராது, மணம் வராது, ஆனால் காற்று நஞ்சாகும். தலையிடிக்கும், குமட்டிச் சத்தி வரும், நித்திரை வரும், பிறகு ஒன்றும் வராது. இதைச் செய்து பார்க்கத் தேவையில்லை, செய்து பார்த்தவர்களை அவருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக் கடைகளைக் காலையிலேயே முடித்துவிட்டாராம். இனி வெள்ளவத்தை.

அவர் முடித்த விதத்தை முதலாவது கடையில் கண்டேன். விற்காமல் கிடந்த பேப்பர்களை ஒவ்வொன்றாக விரித்து, என் கதைக்கு மேலே, 'மற்றதுக்கு' முதல்முறையாகச் சிவப்புப் பேனையை எடுத்து எழுதினார். "ஜன்னலைத் திறக்கவும். கரி கொல்லும்." கடைக்காரர் சாமானைப் பழுதாக்குகிறாய் என்று கத்தினார். அண்ணை நிமிராமல் அடுத்ததை விரித்தார். நான் பின்னால் நின்று, எழுத்தாளன் நான், கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்று மனதுக்குள் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அந்த நேரம்வரை எனக்கு அது பகிடிதான்.

மூன்றாவது கடையில் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து கடைபோட்ட மனிதர். மரக்கறி, பேப்பர், கரி எல்லாம் ஒரே இடத்தில். யார் வாங்கியது என்று அண்ணை கேட்டார்.

"நெறைய பேர் வாங்குனாங்க அய்யா. எதிர் ஃபிளாட்டு மூணாவது மாடி அக்கா, பேப்பரோட கரியும் சேத்து வாங்கிட்டுப் போனாங்க. கதையில போட்டிருக்காமே."

என் நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்க விரும்பவில்லை, அதுதான் நடந்தது. ஒரு வாசகி, என் அத்தியாயத்தை வாசித்துவிட்டுக் கரி வாங்கியிருக்கிறாள். அரைக் கணம், ஒரே அரைக் கணம், எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணை பக்கத்தில் இல்லை. றோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்.

கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. மாடிப்படிச் சுவரில், பல்கனியிலோ படியிலோ விறகு எரித்துப் புகை கிளப்பக்கூடாது என்று ஃபிளாட் கமிட்டி ஒட்டிய அறிவித்தல். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி நின்று அதை வாசித்தது நான்தான். அறுபது வயதுக்காரர் மேலே போய்விட்டார்.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது கதவுக்குக் கீழே பார்த்தேன். ஒரு சாரத்தின் விளிம்பு, நனைந்து, வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம்.

ஏன் பச்சை என்று எழுதினேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்த நிறம். அவள் அந்த நிறத்தைக்கூட விடாமல் தேடி எடுத்திருக்கிறாள். நான் எழுதிய ஒரு வரி, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒருவருடைய வாசலில் கிடந்தது.

அண்ணை தட்டினார், கூப்பிட்டார். பதிலில்லை. நல்ல கோழிக்கறி வாசம் மட்டும் வந்தது. நான் பின்னால் போய், நாலாம் அத்தியாயத்தில் ரூபன் செய்ததுபோல் ஓடிவந்து தோளால் கதவை இடித்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தோள் மழைக்கு இன்றும் நோகும். நான் தரையிலிருந்து எழும்புவதற்குள் அண்ணை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வீட்டுச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தது. ஃபிளாட்டுகளில் எதிர்வீட்டில்தானே மற்றச் சாவி இருக்கும். உயிர்தப்பும் கதை எழுதுகிறவனுக்கு அது தோன்றவில்லை.

"நாங்க விறகு எரிக்க வேண்டாமெண்டு சொன்னதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் அந்தப் பிள்ளை புகை விடாமல் சமைச்சது," என்றாள் எதிர்வீட்டு ஆன்டி, சாவியைத் தேடியபடி, பாராட்டாக.

உள்ளே தாய் குசினி வாசலில் சுவரோடு சரிந்து கிடந்தாள். நிலத்தில் பாயில் இரண்டு பிள்ளைகள். பெரியவன் சத்தி எடுத்திருந்தான். சின்னவளின் கன்னம், விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குப்போல, சிவந்திருந்தது. நடுவில் தணல், நான் எழுதியபடியே, அழகாக. நான் பிள்ளைகளிடம் ஓடினேன். அண்ணை பிள்ளைகளைத் தாண்டி ஜன்னல்களுக்குப் போனார். ஒவ்வொன்றாகத் திறந்தார், ஒன்று இறுகிக்கிடந்தது, கண்ணாடியைக் கதிரையால் உடைத்தார். மழை உள்ளே அடித்தது. பிறகுதான் பிள்ளைகளைத் தூக்கிப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தோம். தாயை அந்த ஆன்டியும் நானும் இழுத்து வந்தோம். ஆம்புலன்சுக்கு அடித்ததும் அண்ணைதான். என் ஃபோன் என் கையிலேயே இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாட்டில், பிள்ளைகள் இருவரும் தப்பிவிட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். இன்னும் அரை மணித்தியாலம் என்று தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தாய் ஒக்சிஜன் முகமூடியோடு கட்டிலில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் கட்டாரில்.

சொல்லாமல் போய்விடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. அண்ணை என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால்தான் சொல்லவேண்டி வந்தது. தங்கச்சி, அந்தக் கதை எழுதுகிறவன் நான்தான் என்றேன். கரி விஷயம் நான் சும்மா எழுதியது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அவள் முகமூடியைக் கழற்றினாள். என்னையே பார்த்தாள். அடி விழுந்தாலும் வாங்குவதற்கு நின்றேன்.

"அப்ப அந்தப் பிள்ளை?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் பக்கத்து வாட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

"இல்லை. ரூபன்ர மகள், சின்னவள். அதுகளும் ஜன்னலைப் பூட்டிப்போட்டுத்தானே படுத்தவை. அதுக்கு என்ன நடந்தது?"

என் கொப்பியில் அடுத்த அத்தியாயம் ஏற்கெனவே இருந்தது. காலையில் ரூபன் உற்சாகமாக எழும்பி, படகு தேடிப் போகிறான்.

அண்ணை கட்டிலுக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"தாய்க்குத் தலையிடிச்சது, தங்கச்சி. அவவுக்கு ஏதோ பிழையெண்டு பட்டது. தவண்டு போய் ஜன்னலைத் திறந்தவா."

"பிள்ளை?"

"சத்தி எடுத்தது. பிறகு அழுதது."

"சத்தமாவோ?"

"ஓம். முழு ஃபிளாட்டுக்கும் கேக்கிற மாதிரி."

அவள் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அந்தக் குடும்பத்தை ஏழு கிழமையாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பிள்ளை தப்பிவிட்டது என்பது எனக்கும் அப்போதுதான் தெரியவந்தது.